டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்கு ஹெப்படைட்டிஸ் சி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 61 வயது, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டு, மூன்று வருடமாக டவுனில் ஒரு மையத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்கிறார். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெப்படைட்டிஸ் சி 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. மறுநாளே அவரை ஓரத்து மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் அம்மா தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார், பேரனைத் தூக்கவும் விடுவதில்லை. இது எங்கிருந்து வந்தது, வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா, மருந்து இருக்கிறதா, மையத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் டயாலிசிஸ் பிரிவில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அரசாங்க மருத்துவமனை, தனியார் மையங்கள் எல்லாம் சேர்த்து இருபத்தாறு வருடம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று செய்துவிடுங்கள் தம்பி. இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பாவின் பழைய தட்டையே எடுத்துப் போடுங்கள். ஹெப்படைட்டிஸ் சி சாப்பாட்டில் பரவாது, தண்ணீரில் பரவாது, ஒரே டம்ளரில் குடிப்பதால் பரவாது. கட்டிப்பிடித்தால், தும்மினால், ஒரே கழிவறையைப் புழங்கினால், கொசு கடித்தால் வராது. தொற்றுள்ளவரின் ரத்தம் இன்னொருவர் ரத்தத்துக்குள் போக வேண்டும். பேரனை அவர் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. மஞ்சள் காமாலை என்றாலே பாத்திரத்தை ஒதுக்குவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் பரவுகிற ஹெப்படைட்டிஸ் ஏ போன்றவற்றுக்கு அந்தப் பழக்கம் ஓரளவு பொருந்தும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். ஆனால் இப்படி ஒதுக்கி வைக்கப்பட்டதில் மனம் உடைந்து, டயாலிசிஸுக்கு வருவதையே நிறுத்திய ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை வரவில்லை. மூன்றாவது முறை ஆம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள், நுரையீரல் முழுக்கத் தண்ணீர். ஹெப்படைட்டிஸ் அவரை அதுவரை ஒன்றுமே செய்திருக்கவில்லை.

சரி, அடுத்த கேள்வி. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஏன் இது அதிகம் வருகிறது?

உங்கள் அப்பா மெஷினில் இருக்கும்போது நிமிடத்துக்கு 250 மில்லி ரத்தம் வெளியே போய் வருகிறது என்று வையுங்கள். நான்கு மணி நேரத்தில் 60 லிட்டர். ஃபிஸ்துலா கையில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிற கையில், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி. வாரம் மூன்று தடவை என்றால் வருடத்துக்கு 156 தடவை, 312 ஊசிக் குத்து. அவருக்குப் பக்கத்திலேயே இன்னும் பத்துப் பதினைந்து பேர் அதே நிலையில் படுத்திருக்கிறார்கள். ஒரு மிஸ்ஸி மூன்று நான்கு பேரைப் பார்த்துக்கொள்கிறார். இவ்வளவு ரத்தம் இவ்வளவு பேருக்கு நடுவே ஓடுகிற இடம் வேறு எங்கும் இல்லை.

இந்த வைரஸுக்குக் கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம்கூடத் தேவையில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, காய்ந்த துளியில் அறை வெப்பத்திலேயே ஆறு வாரம் வரை தொற்றும் திறனோடு இருந்திருக்கிறது. துடைத்த மாதிரி தெரிகிற ஒரு பட்டனில், ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையில், நாற்காலிக் கைப்பிடியில் அது இருக்கலாம்.

மையத்தில் ஆக ஆபத்தான நேரம் எது என்று என்னைக் கேட்டால், காலை ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறுகிற அந்த முக்கால் மணி நேரம் என்பேன். நீங்களே பார்த்திருப்பீர்கள். முதல் ஷிப்ட் ஆட்களுக்கு ஊசி உருவுகிறார்கள். ஒருவருக்குப் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவருக்கு ரத்தம் நிற்கவில்லை. வாசலில் அடுத்த ஷிப்ட் ஆட்கள் தலையணையும் போர்வையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தோட்டத்து வேன் ஓட்டுநர் சீக்கிரம் ஏற்றச் சொல்லி எட்டிப் பார்க்கிறார், ஏனென்றால் அவர் அடுத்த தோட்டத்துக்கும் போக வேண்டும். அந்த நேரத்தில் எங்கோ ஒரு மெஷின் அலறுகிறது. மிஸ்ஸியின் கை தானாக நீளும். அந்தக் கையில் இருக்கிற உறை இந்த நோயாளியின் ஊசியை உருவிய உறை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2000களின் தொடக்கத்தில் நான் வேலை செய்த ஒரு மையத்தில் ஆறு மாதத்துக்குள் இரண்டு பேருக்கு நெகட்டிவாக இருந்தது பாசிட்டிவானது. இருவரும் ஒரே ஷிப்ட் இல்லை, மெஷினும் வேறு வேறு. நாங்கள் எல்லாரும் மெஷினைத்தான் சந்தேகப்பட்டோம். எங்கள் தலைமை மிஸ்ஸி வேறு மாதிரி யோசித்தார். ஒருநாள் ஒருவர் வேலை செய்யாமல் சுவரோரம் நின்று ஷிப்ட் மாறுவதை மட்டும் பார்க்க வேண்டும், மறுநாள் இன்னொருவர் என்று சொன்னார்.

என் முறை வந்தபோது நான் பார்த்தது ஹெப்பாரின் குப்பியை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து அது. ஒரு குப்பியில் பலருக்குப் போதுமான மருந்து இருக்கும். அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டில் கட்டிலாக உருட்டிக்கொண்டு போனோம். ஒருவருக்கு ஊசி போட்ட அதே கையால் குப்பியை எடுத்து, ரப்பர் மூடியில் மறுபடி ஊசி இறக்கி, அடுத்தவருக்கு இழுத்தார்கள். குப்பியின் கழுத்தில் குண்டூசி முனை அளவு பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மறுநாள் சுவரோரம் நின்ற தோழி என்னைப் பார்த்தார். மூன்றாம் எண்ணில் இருந்த நான், நான்காம் எண் மெஷின் அலறியதும் அதே உறையோடு போய்ச் சத்தத்தை நிறுத்தினேன் என்றார். எனக்கு அப்படிச் செய்த ஞாபகமே இல்லை.

அந்த இரண்டு பேருக்கும் எந்தக் கையிலிருந்து போனது என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. தள்ளுவண்டியை அன்றோடு எடுத்துவிட்டோம். மருந்தைத் தனி அறையில், ஆள் பெயர் எழுதி, ஒருவருக்கு ஒரு சிரிஞ்சாக இழுத்து வைக்கத் தொடங்கினோம். ஒரு நோயாளி நாற்காலியை விட்டு எழுந்து போன பிறகே அந்த இடத்தைத் துடைப்பது, துடைத்துக் காய்ந்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடுவது என்று வைத்தோம். ஷிப்ட் இருபது நிமிடம் தாமதமானது, நோயாளிகள் திட்டினார்கள், வேன்காரர் இன்னும் அதிகமாகத் திட்டினார். நான் அங்கே இருந்த அடுத்த ஏழு வருடத்தில் புதிதாக யாருக்கும் வரவில்லை.

சின்ன மையங்களில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2015ல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் 25 நோயாளிகளுக்கு ஹெப்படைட்டிஸ் சி பரவியது, அவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். அதை ஆராய்ந்த சுயேச்சைக் குழு ஒரு தனி ஆளையோ ஒரு தனிக் கருவியையோ காரணமாகக் காட்டவில்லை. தொற்றுத் தடுப்பில் இருந்த பல ஓட்டைகள் ஒன்றுசேர்ந்ததுதான் காரணம் என்றது. பெரிய பெயர், பெரிய கட்டடம், நல்ல சம்பளம் எல்லாம் இருந்த இடத்திலேயே நடந்தது.

இப்போது அந்த ஓரத்து மெஷின் விஷயம். நம் நாட்டில் பல மையங்களில் 'ஹெப் சி' உள்ளவர்களுக்குத் தனி மெஷின், தனி மூலை ஒதுக்குவது வழக்கம். ஹெப்படைட்டிஸ் பி என்றால் தனி அறையும் தனி மெஷினும் கட்டாயம் வேண்டும், அதில் இரண்டு பேச்சே இல்லை. அது இதைவிட மிக எளிதாகப் பரவும். சி அப்படி இல்லை. உலக அளவில் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றுகிற 'கே.டி.ஐ.ஜி.ஓ.' வழிகாட்டி, ஹெப்படைட்டிஸ் சி உள்ளவரைத் தனிமைப்படுத்தச் சொல்லவில்லை, தனி மெஷினும் கேட்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அதையேதான் சொல்கிறது. காரணம் எளிது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வடிகட்டியின் சவ்வு கிழியாமல் இருக்கும்வரை வைரஸ் அதைத் தாண்டி மெஷினின் தண்ணீர்ப் பக்கத்துக்குப் போக முடியாது. அதன் துளைகளைவிட வைரஸ் பெரியது. ஆபத்து மெஷினின் வெளிப்புறத்திலும் அதைத் தொடுகிற கைகளிலும்தான் இருக்கிறது.

இதற்காக நீங்கள் மையத்தோடு சண்டைக்குப் போக வேண்டாம். பயந்து செய்கிறார்கள், கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் எனக்கு இந்த மூலை ஏற்பாட்டில் ஒரு கவலை உண்டு. 'சுத்தமான' பக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் கை தளர்ந்துவிடும். தொற்று வந்து பரிசோதனையில் தெரியாத நிலையில் ஒருவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். மூலையிலும் அதே கதை. இங்கே எல்லாருக்கும் பாசிட்டிவ்தானே என்று உறையை மாற்றாமல் போனால், ஒருவரின் வைரஸ் வகை இன்னொருவருக்கும் சேர்ந்துவிடும். இந்த வைரஸில் வகைகள் பல உண்டு, நம் நாட்டில் அதிகம் காணப்படுவது மூன்றாம் வகை. ஒருமுறை வந்து குணமானவருக்கும் மறுபடி வரலாம், அம்மை மாதிரி ஒரு தடவையோடு போகிற நோய் இல்லை. அதனால் உங்கள் அப்பா மூலையில் இருந்தாலும், அவருக்கும் ஒவ்வொரு தடவையும் புது உறை, துடைத்த நாற்காலி என்று கேட்க உரிமை உண்டு.

அடுத்தது, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. இதைக் கோபத்தோடு கேட்பதைவிடக் கையில் ரிப்போர்ட்டோடு கேட்பது நல்லது. மூன்று வருடத்துக்கு முன் டயாலிசிஸ் தொடங்கியபோது ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ரத்தம் எடுத்திருப்பார்கள். பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். எல்லாவற்றின் நகலையும் வாங்குங்கள், உங்களுக்குக் கொடுக்க வேண்டியவை அவை. முதல் ரிப்போர்ட்டிலேயே பாசிட்டிவ் என்றால் அப்பாவுக்கு இது பழைய தொற்று, யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். முதலில் நெகட்டிவ், இப்போது பாசிட்டிவ் என்றால் நடுவில் எங்கேயோ வந்தது. அந்த இடைவெளியில் மருத்துவமனையில் தங்கினாரா, ரத்தம் ஏற்றினார்களா, பல் பிடுங்கினாரா, தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போய் அங்கே வேறு மையத்தில் இரண்டு தடவை செய்தாரா என்று எல்லாம் எழுதி வையுங்கள்.

பழைய தொற்றாக இருக்க நம் ஆட்களுக்கு நிறையக் காரணம் உண்டு. நான் பிறந்தது பால்மரத் தோட்டத்து லயத்தில். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் தட்டில் போட்டுக் கொதிக்க வைத்து, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஊசி போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் நல்ல மனிதர், அன்றைக்கு எல்லா இடத்திலும் நடந்தது அதுதான். எகிப்தில் 1950கள் முதல் 1980கள் வரை, நத்தையால் பரவும் புழு நோயை ஒழிக்க அரசாங்கமே ஊர் ஊராக ஊசி போட்டது. சரியாகக் கிருமி நீக்காத அந்த ஊசிகளாலேயே அந்த நாட்டில் ஹெப்படைட்டிஸ் சி உலகிலேயே அதிகம் என்கிற அளவுக்குப் பரவியது. வைரஸைக் கண்டுபிடித்ததே 1989ல்தான். அதுவரை 'ஏயும் இல்லை பியும் இல்லை' என்றுதான் அதற்குப் பெயர். நம் நாட்டில் தானம் கொடுத்த ரத்தத்தை இதற்காகப் பரிசோதிக்கத் தொடங்கியது 1990களில். அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஒரே ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள், இளம் வயதில் போதை ஊசி போட்டுப் பிறகு திருந்தி வாழ்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பரிசோதனை அவசியம். அப்பாவிடம் இதைக் கேட்கும்போது தனியாகக் கேளுங்கள். மருமகள் முன்னால் எந்த மனிதனும் வாய் திறக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெப்படைட்டிஸ் சி சிறுநீரகத்தையே கெடுக்கும். இனிப்பு நீரோடும் அதற்குத் தொடர்பு உண்டு. எனவே சிலரை டயாலிசிஸ் வரைக்கும் கொண்டு வந்ததில் இந்த வைரஸுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

நடுவில் வந்த தொற்று என்று தெரிந்தால், மையம் அதை மறைக்கக் கூடாது. இது சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டிய நோய், 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மற்ற நோயாளிகள் எல்லாருக்கும் பரிசோதனை செய்து, எங்கே ஓட்டை என்று தேட வேண்டும். "தேடினீர்களா, என்ன மாற்றினீர்கள்?" என்று பொறுப்பாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்கிற மையம் என்றால் அங்கேயே இருங்கள். ஒரு தவறு நடந்து அதைத் திருத்திய இடம், தவறே நடக்காது என்று சாதிக்கிற இடத்தைவிடப் பாதுகாப்பானது. மழுப்பினால் மாநிலச் சுகாதார இலாகாவுக்கு எழுதலாம். தனியார் மையங்களுக்கு உரிமம் கொடுப்பது சுகாதார அமைச்சு.

மையத்தை மாற்றுவது சுலபம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கடிதம், வேன், காலி இடம் என்று எல்லாம் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் என்றதும் இடம் இல்லை என்று கைவிரிக்கிற மையங்களும் இருக்கின்றன. ஆகவே இருக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தேடாதீர்கள்.

இனி 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்ப்போம், ஏனென்றால் பாதிப் பயம் அதில் இருக்கிறது. பரிசோதனை இரண்டு வகை. முதல் வகை எதிர்ப்பொருளைப் பார்ப்பது, அதாவது வைரஸோடு உடம்பு எப்போதாவது சண்டை போட்டதா என்று பார்ப்பது. இரண்டாவது ஆர்.என்.ஏ. பரிசோதனை, இப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. தொற்று வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகப் போய்விடும். அவர்களுக்கும் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றுதான் வரும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க வரும். அப்பாவுக்கு எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். ஆர்.என்.ஏ. செய்யவில்லை என்றால் அதுதான் அடுத்த வேலை.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இதில் இரண்டு சிக்கல். தொற்று வந்த பிறகு எதிர்ப்பொருள் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் தள்ளிப் போகும். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்தில் காட்டிவிடும். அப்புறம், ஈரல் ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்று ஓர் எண் வரும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அது பொதுவாகவே குறைவாக இருக்கும். எனவே எண் நார்மல், ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் இந்த நோய் வலிக்காது, மஞ்சள் நிறம்கூடக் காட்டாது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, இருபது வருடத்தில் நூற்றில் 15 முதல் 30 பேருக்கு ஈரல் சுருங்கிவிடும், சிலருக்கு ஈரல் புற்றுநோய் வரைக்கும் போகும்.

மருந்து இருக்கிறது தம்பி. நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள், அதுவும் மாத்திரையிலேயே. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கண் கலங்குகிறது. ஏனென்றால் நாங்கள் பார்த்த காலம் வேறு. இன்டர்ஃபெரான் ஊசி, ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வு, முடி உதிர்தல். ரிபாவிரின் சிறுநீரில் போக வேண்டிய மருந்து, சிறுநீரகம் இல்லாதவர் உடம்பில் தங்கி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்கள் அவர்கள். பாதியில் நிறுத்திவிட்டு இப்படியே இருந்துகொள்கிறேன் என்று சொன்னவர்கள் என் கண் முன்னால் நிற்கிறார்கள்.

சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது ஒன்று ஆயிரம் டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். நம் ஊரில் யாரால் முடியும்? 2017ல் மலேசிய அரசாங்கம் அந்த மருந்தின் காப்புரிமை மேல் தனக்கு இருக்கும் உரிமையைப் பயன்படுத்தி, விலை குறைந்த மாற்று மருந்தை வரவழைக்க முடிவு செய்தது. மருந்துக் கம்பெனிகளின் எதிர்ப்பைப் பார்க்காமல் எடுத்த முடிவு அது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் சோஃபோஸ்புவிரும் டக்லாடஸ்விரும் நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. பிறகு ரவிடஸ்விர் என்ற இன்னொரு மாத்திரையைச் சோஃபோஸ்புவிரோடு சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் நோயாளிகளிடம் சோதித்தார்கள், நூற்றில் 97 பேர் குணமானார்கள். 2021 ஜூனில் மலேசியா அதற்கு அனுமதி கொடுத்தது. அந்த ஆராய்ச்சியில் பங்காளியாக இருந்து மருந்தைத் தயாரித்தது ஓர் எகிப்துக் கம்பெனி. ஊசியால் அவ்வளவு அடிபட்ட நாட்டிலிருந்து இந்த மாத்திரை வந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

டயாலிசிஸ் செய்பவருக்குச் சோஃபோஸ்புவிர் ஆகாது என்று முன்பு தயங்கினார்கள், அதன் கழிவு சிறுநீரகம் வழியாகப் போவதால். பல நாடுகளின் அனுபவம் சேர்ந்த பிறகு 2019ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் கொடுக்கலாம் என்று மாற்றியது. எனவே யாராவது பழைய ஞாபகத்தில் இவருக்கு மருந்து கிடையாது என்றால், நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணமாகப் பன்னிரண்டு வாரம், ஈரல் சுருக்கம் இருந்தால் நீளும். முடிந்து இன்னும் பன்னிரண்டு வாரம் கழித்து ஆர்.என்.ஏ. செய்து வைரஸ் இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று பொருள்.

தொடங்குமுன் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கட்டாயம் பேச வேண்டும். ஒன்று, அப்பா சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிட்டால் சோஃபோஸ்புவிரோடு சேர்ந்து துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இரண்டு, ஹெப்படைட்டிஸ் பி. உடம்பில் பி ஒளிந்திருந்தால் சி போகும்போது அது தலைதூக்கும், எனவே முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம், யாராவது கீழாநெல்லிச் சாறு கொடுக்கச் சொல்வார்கள். ஹெப்படைட்டிஸ் சி அதனால் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டயாலிசிஸ் செய்பவருக்குப் பச்சிலைச் சாற்றில் வரும் பொட்டாசியமே எமனாகிவிடும். அக்கறையில் சொல்கிறார்கள், கோபப்படாமல் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் எதைத்தான் தனியாக வைப்பது? ரத்தம் படக்கூடியவற்றை மட்டும். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. இவற்றைவிட எனக்குப் பயம் வேறொன்று. உங்கள் அம்மாவுக்கும் இனிப்பு நீர் உண்டா? அப்படியானால் இருவரும் ஒரே கருவியில்தானே சீனி அளவு பார்க்கிறார்கள்? விரலில் குத்துகிற அந்தப் பேனாவை இருவரும் பகிரக் கூடாது, ஊசியை மாற்றினாலும் கூடாது. அதன் முனையில் ரத்தம் ஒட்டியிருக்கும். ஆளுக்கு ஒன்று வாங்கிப் பெயர் ஒட்டுங்கள், முடிந்தால் கருவியும் தனி. இன்சுலின் பேனாவும் அப்படித்தான். அம்மாவுக்கும், அப்பாவின் ஃபிஸ்துலாக் கட்டை மாற்றிவிடுகிறவருக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒருவேளை தைப்பூசத்துக்கு வீட்டில் யாராவது அலகு குத்துகிறார்கள் என்றால், ஒருவருக்குக் குத்திய வேல் இன்னொருவர் உடம்பில் ஏறக் கூடாது.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது சில நாள் கட்டு நனைந்து ரத்தம் கசியும். கையுறை போட்டு அழுத்திப் பிடியுங்கள். தரையில் சிந்தினால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, குளோராக்ஸ் (பிளீச்) ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். சட்டையைச் சாதாரணமாகத் துவைக்கலாம்.

மையத்துக்குக் கூடப் போகிற நாளில் அரை மணி நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது மிஸ்ஸி உறையைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்கிறாரா? மருந்து எங்கே இழுக்கப்படுகிறது? போனவர் நாற்காலியில் இருக்கும்போதே துடைக்கிறார்களா, எழுந்த பிறகா? வடிகட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்துகிற மையம் என்றால், மாட்டுவதற்கு முன் அப்பாவின் பெயரை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவரும் கண்ணால் பார்க்கட்டும். உறை மாற்றாமல் ஒருவர் வந்தால், "மிஸ்ஸி, உறை மாத்திட்டு வாங்க" என்று அப்பாவே சொல்லலாம். என்னிடம் அப்படிச் சொன்ன ஒரு பாட்டி இருந்தார். முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவர் கட்டிலுக்குப் போகுமுன் என் கை தானாக உறைப் பெட்டிக்குப் போகும். அந்தப் பழக்கம் மெல்ல மற்ற கட்டில்களுக்கும் வந்தது.

மலேசியாவில் டயாலிசிஸ் நோயாளிகளின் தேசியப் பதிவேடு 1990களிலிருந்து இருக்கிறது. அதில் ஹெப்படைட்டிஸ் சி உள்ளவர்களின் பங்கு அந்தக் காலத்தில் இரட்டை இலக்கச் சதவீதம். பிறகு இறங்கி இறங்கி ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை, ரத்தம் ஏற்றுவதைக் குறைத்த எரித்ரோபொய்டின் ஊசி, கை சுத்தம் எல்லாம் சேர்ந்து கொண்டு வந்தது. தடுப்பூசி மட்டும் இதற்கு இன்னும் இல்லை. ஹெப்படைட்டிஸ் பி-க்கு உண்டு. அப்பாவுக்கு அது போட்டாயிற்றா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அளவு கூடுதலாகப் போட வேண்டும்.

ஈப்போவுக்கோ வேறு எங்கோ நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைத்ததும், டயாலிசிஸ் இல்லாத நாளாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலிருந்து எடுத்த ஹெப்படைட்டிஸ் ரிப்போர்ட்டுகள், மாத்திரைகளைப் பெட்டியோடு, ரத்தம் ஏற்றிய தேதிகள், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். குணமான பிறகு கிடைக்கிற ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மையத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். எதிர்ப்பொருள் பாசிட்டிவாகவே இருக்கும் என்பதால், அந்தத் தாள் கோப்பில் இல்லாவிட்டால் யாரோ ஒருவர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து மறுபடி அவரை ஓரத்து மெஷினுக்கு அனுப்பிவிடுவார்.